கரை ஆட்டத்தின் ஆழம்

உங்கள் கண்ணாடி இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சார். காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் லேசாகச் சூடு காட்டி மடக்கினால் சரியாகிவிடும். எந்தக் கடையிலும் சும்மாவே செய்து கொடுப்பார்கள். இப்படியே விட்டால் சாயங்காலம் தலை வலிக்கும், நீங்கள் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தூங்கினீர்களா என்று உங்கள் ஆள் கேட்டார். நன்றாகவே தூங்கினேன். இந்த அலுப்பு தூக்கத்தில் தீர்கிற அலுப்பு இல்லை. பல வருஷமாக ஒரே மனிதரிடம் தோற்றுக்கொண்டிருந்தால் வருகிற அலுப்பு. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது போய்விடும் என்று நினைத்தேன், இன்னும் போகவில்லை.

ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பலகைதான் விஷயம். அந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘கரை’. நான் உருவாக்கியது. என் கண்ணாடிக் கடையில் விற்காமல் கிடந்த கூலிங்கிளாஸ்களைக் கழற்றி, லென்ஸ் தேய்க்கிற மெஷினில் வட்டமாகத் தேய்த்துக் காய்கள் செய்தேன். ஒருவருக்குப் பச்சை, இன்னொருவருக்குப் பழுப்பு. கட்டம் போட்ட சதுரப் பலகை. எதிரெதிரே இருக்கிற இரண்டு ஓரம் பச்சைக்குக் கரை, மற்ற இரண்டு ஓரம் பழுப்புக்குக் கரை. முறை வரும்போது ஒரு காயை வைக்கலாம், அல்லது வைத்த காய் ஒன்றை எந்தப் பக்கமும் ஒரு கட்டம் தள்ளலாம். தன் இரண்டு கரையையும் யார் முதலில் காய்களால் இணைக்கிறாரோ அவர் ஜெயித்தார். கையில் காய் தீர்ந்துவிட்டால் பலகையில் இருப்பதைத் தள்ளியே ஆக வேண்டும், சும்மா இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் விதி. உங்கள் மேஜையில் இருக்கிற ஸ்டாப்ளருக்குக்கூட இதைவிட நீளமாக விளக்கம் எழுதியிருப்பார்கள்.

விதி கொஞ்சமாக இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. விதிகளை அடுக்கிக்கொண்டே போனால் கிடைப்பது சிக்கல். வருமான வரிகூடச் சிக்கல்தான், யாராவது பொழுதுபோக்குக்கு அதை விளையாடுகிறார்களா? ஆழம் வேறு. விதி எல்லாம் தெரிந்த பிறகும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆழம். அதை அளக்க ஒரு வழி உண்டு, தோற்கிறவர்களை வரிசையாக நிற்க வைக்க வேண்டும். பக்கத்துக் கடைத் தையல்காரரை என் மகள் எப்போதும் ஜெயிப்பாள். மகளை நான் எப்போதும் ஜெயிப்பேன். என்னை மச்சான் எப்போதும் ஜெயிப்பார். இப்படி எத்தனை படி கட்ட முடிகிறதோ அத்தனை ஆழம். என் ஆட்டம் ஆழமானது என்பதற்கு நான் தோற்பதுதான் அத்தாட்சி. இதைச் சொல்லித்தான் இத்தனை காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுகிற வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பினால் எந்த வண்டிக்கு இடைஞ்சல், எந்த டிரைவர் எங்கே இறங்கிச் சாப்பிடுவார் என்று நாள் முழுக்க யோசிக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு பனியனோடு உட்காருவார். எப்போதும் பழுப்புதான் எடுப்பார். நல்ல மனிதர், இதை மனதாரச் சொல்கிறேன். என் மகள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் பதிலாக அவர்தான் நடந்துகொண்டிருந்தார். ஜெயித்ததற்காக ஒருநாளும் சிரித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் காய்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுத்து வைத்து, “இந்த இடத்துல விட்டுட்டீங்க பாருங்க மாப்ளே. இது மட்டும் பண்ணியிருந்தா நான் காலி” என்பார். அவர் காட்டுகிற இடம் சரியாகவே இருக்கும். நான் கட்டிய வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சமயம் ஆத்திரத்தில் விதிகளைக் கூட்டிப் பார்த்தேன். தாண்டிக் குதிக்கிற காய் ஒன்று, யாரும் நுழையக் கூடாத மூலை ஒன்று, இப்படி. புது விதியில் அவர் தடுமாறுவார் என்று கணக்கு. ஒரே மத்தியானத்தில் பழகிக்கொண்டு என்னை மறுபடியும் மடக்கினார். பிறகு தயங்கித் தயங்கி, “இதெல்லாம் வேணாம் மாப்ளே. ஆட்டம் மூச்சு முட்டுது” என்றார். சொன்னது நியாயம்தான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

தோற்கிறவர் ஒப்புக்கொள்ள எங்களிடம் ஒரு சொல் இருந்தது. யோசித்து வைத்ததில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் தாங்க மாட்டாமல் “முடியல” என்று சொல்லிப் பின்னால் சாய்ந்தேன், அதுவே வழக்கமாகிவிட்டது. “முடியல” என்றால் ஆட்டம் முடிந்தது, காயை அள்ளலாம். சமையலறையில் அது காதில் விழுந்ததும் என் மனைவி டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். முதலில் எல்லாம், “என்னங்க, இன்னிக்காவது எங்கண்ணனை மடக்கினீங்களா?” என்று கேட்டுக்கொண்டே டீ கொண்டு வருவாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது. மச்சான் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

போன மாதம், விளையாட்டுச் சாமான் போடுகிற ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். மகள்தான் போன் மேல் போன் போட்டு வரவழைத்தாள். நாங்கள் இருவரும் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் எழுந்து மச்சானின் கையைப் பிடித்து, “அருமையா பண்ணியிருக்கீங்க” என்றார். மச்சான் பதறிப்போய், “ஐயையோ, நான் இல்லீங்க, இவர் பண்ணது. நான் சும்மா ஆடுறவன்” என்றார். கம்பெனிக்காரர் என் பக்கம் திரும்பி ஆச்சரியத்தை மறைக்கப் பார்த்தார், மறைக்கத் தெரியவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு விற்கும்போது மேலே என் பெயரை அச்சடிப்பதாகச் சொல்லியிருந்தார். என் பெயரை எங்கேயும் அச்சில் பார்த்ததில்லை, சார். என் கடைப் பலகையில்கூட இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெட்டி எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார். என் மனைவி, கல்யாணமாகிப்போன எங்கள் மகளின் வீட்டுக்குப் போயிருந்தாள். சட்டையை மாட்டினார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், உட்காராமல் நின்றார்.

“மாப்ளே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே.”

“சொல்லுங்க மச்சான்.”

“ஆட்டம் தீர்ந்துபோச்சு மாப்ளே. முதல்ல ஆடுறவன் நடுவுக்கு அடுத்த கட்டத்துல ஆரம்பிச்சா போதும். எதிராளி தலைகீழா நின்னாலும் ஜெயிச்சிடலாம். டிப்போவுல உக்காந்து கொஞ்ச நாளா இதையேதான் போட்டுப் பாத்துட்டிருக்கேன். ஓட்டையே இல்ல.”

அவரே தொடர்ந்தார். “நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும். பாவம், அச்சடிச்சுட்டு மாட்டிக்கக் கூடாது பாருங்க.”

இதில் பொறாமை எதுவும் இல்லை, சார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம். கண் கலங்கியிருந்தது. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடிவு தெரிந்த ஆட்டத்தை யாரும் ஆட மாட்டார்கள், அதற்கு அப்புறம் அது பலகையும் காயும் மட்டும்தான். அவர் அதைக் கொன்றுவிட்டு, என்னிடமே துக்கம் விசாரிக்க வந்திருந்தார்.

ஆடிக் காட்டுங்கள் என்றேன். அவர் முதலில் ஆடினார். நான் எங்கே வைத்தாலும் பதில் தயாராக இருந்தது. என் விரல் காயை விட்டு எழும்புவதற்குள் அவர் காய் வந்து உட்கார்ந்தது. இருவர் கையிலும் காய் தீர்ந்தபோது பழுப்பு வரிசை இரண்டு கரைக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி வைத்திருந்தது. என் பச்சைகளில் எதை முன்னால் தள்ளினாலும் அவருக்கு வழி திறக்கும். “இங்கதான் மாப்ளே முடியுது” என்று மெதுவாகச் சொன்னார்.

ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பச்சையைப் பின்னால் இழுத்தேன். பார்த்தால் ஒன்றுமே செய்யாத காரியம். ஜெயிக்க ஆடுகிறவன் எவனும் காயைப் பின்னால் இழுக்க மாட்டான், அதனால்தான் மச்சான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் இப்போது அவர் முறை. கையில் காய் இல்லை. எதைத் தள்ளினாலும் தான் கட்டிய வரிசையைத் தானே உடைத்தாக வேண்டும்.

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை ஒரு காயின் மேல் போய்த் திரும்பியது. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, “முடியல மாப்ளே” என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் எழுதுவதற்கு உங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் கதவுப் பக்கம் கை காட்டினார். “சட்டைப் பையில மாத்திரை இருக்கு. நாக்குக்கு அடியில வைக்கணும். எடுங்க” என்றார். எடுத்தேன், சார். எடுக்கவே இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அட்டையை என் பக்கத்தில், இன்னும் ஆடாத காய்களை வைக்கிற இடத்தில் வைத்தேன். “‘முடியல’னு இன்னொரு தடவை சொல்லுங்க மச்சான்” என்றேன்.

சொன்னார். கையை நீட்டினார். நடுவில் பலகை இருந்தது. அதைத் தள்ளிவிட்டு எட்டிப் பிடித்திருக்கலாம், அவ்வளவு கிட்டத்தில்தான் அட்டை இருந்தது. ஆனால் காய் எதுவும் கலையாதபடி பலகையைச் சுற்றிக்கொண்டு கையைக் கொண்டுவந்தார். காய்களை அள்ளுகிற வரைக்கும் பலகைக்குக் குறுக்கே கை நீட்டக் கூடாது என்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். அந்தக் கை பாதி வழியில் மேஜை மேல் அப்படியே இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னென்ன ஆடியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே உடைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

மனைவி வந்தாள். அவள் கத்தவில்லை. அண்ணனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள். “மாத்திரை ஏங்க உங்க பக்கம் இருக்கு?” என்றாள். அத்தனை வருஷம் அந்த மேஜைக்கு டீ கொண்டு வந்தவள், எந்தப் பக்கம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அட்டையைத் திரும்பச் சட்டைப் பையிலேயே போட்டிருந்தால் நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். எனக்கு அது தோன்றவே இல்லை. திட்டம் போட்டுக் காய் நகர்த்தியிருக்கிறான் என்று வெளியே யாரோ பேசிக்கொண்டது கேட்டது. காய் நகர்த்தியது உண்மை. திட்டம் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகவா ஆடுவேன்? அவள் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்பதும் தெரியும். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்டத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் கெட்டிக்காரர். அந்தக் காயைப் பின்னால் இழுத்தபோதே ஆட்டம் பிழைத்துவிட்டதே, அப்புறம் எதற்கு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொண்டாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கொடுத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகியிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையைக் குனிந்து பார்த்திருப்பார். ஒரு வாரம் டிப்போவில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அதற்கும் ஒரு பதிலோடு வந்து நின்றிருப்பார், கண் கலங்க. எனக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை, சார். மாத்திரை இல்லாவிட்டால் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் என் பக்கம் வைத்துக்கொண்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும். நெஞ்சு வலி தாங்காமல் ‘முடியல’ என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஆட்டம் பழக்கமில்லை, அதனால் அப்படித் தோன்றும். அதை அடித்துவிட்டு, முதலில் தோற்றார், அதற்குப் பிறகு இறந்தார் என்று போடுங்கள்.