நிருபமாவின் ஈக்கள்

ஈக்களுக்குச் சோளக் கூழ் காய்ச்சும் நாளில் எங்கள் ஆய்வுக்கூடம் முழுக்க வெல்ல வாசம் அடிக்கும். அன்று காலையும் அடித்தது. என் மனைவி நிருபமா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“ஈக்குன்னா வெல்லம் போட்டுக் கிளறறே. எனக்கு மட்டும் தினம் உப்புமாவா, ரகு?”

“சாயந்திரம் கேசரி பண்றேன், வா.”

“விசாரணைல என்னை விட்டு வச்சா வர்றேன்” என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவள் ஆராய்ந்தது பழ ஈ முட்டையில் இருக்கும் ஒரு புரதத்தை. கருவுக்கான செய்தி முட்டைக்குள் உரிய முனைக்குப் போய்ச் சேரும்வரை யாரும் படிக்காதபடி அது பொத்தி வைக்கும். சேர்ந்ததும் அதுவே படிக்கவிடும். அவள் வளர்த்த வகையில், நேர் இறக்கைப் பெண் ஈக்களிடம் அந்தப் புரதம் அடக்கும், அவிழ்க்காது. அவை இடும் முட்டை பொரியாது. நல்ல மரபணுவும் ஒன்று கொண்ட சுருண்ட இறக்கை ஈக்கள்தான் வம்சத்தைக் காக்கும். இதைப் பார்த்து ஜெர்மனியில் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டில் ஒருவனுக்கு மட்டும் சமைப்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஈக்களை உறைய வைத்துச் சேமிக்க முடியாது. உயிரோடு புதுக் கூழுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அது என் வேலை. ஒருமுறை மாற்றும்போது அவள் குழாய்களில் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், குறையில்லாத வேறு ஈக்களைப் போட்டேன். பெயர்ச்சீட்டுகளைத் தொடவில்லை. அசல் ஈக்கள் உள்ள ஒரு குழாயை ஒளித்து வைத்தேன்.

நேர் இறக்கைப் பெண் ஈக்களின் முட்டைகளும் பொரிந்தன. மரபணுவைச் சோதித்தார்கள். அவள் எழுதியிருந்த மாற்றம் அதில் இல்லை. பொய்யாக எழுதினாள் என்று விசாரணை வைத்தார்கள்.

“ஈ கலந்துபோச்சோ?” என்று பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன் கேட்டார்.

“சான்ஸே இல்ல சார். ரகுதானே பார்த்துக்கறார்” என்றாள் நிருபமா.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜெர்மனி கைவிட்டதும் அசல் குழாயைக் கொண்டுவந்து, அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது என்று கொடுப்பதாக இருந்தேன். அதுவரை பொத்தி வைத்தேன், அவ்வளவுதான்.

நான் கூழ் காய்ச்சிய அந்த நாள் விசாரணையில் அவள் பட்டத்தைப் பறிக்கப் பரிந்துரைத்தார்கள். திரும்பும் வழியில், ஹெப்பால் மேம்பாலத்தில், அவள் வண்டி லாரிக்கு அடியில் போனது. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று போலீசிடம் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருந்தேன்.

அசல் குழாய் என் படுக்கையறையில் இருக்கிறது. வீட்டிலேயே கூழ் காய்ச்சி மாற்றுகிறேன். அவளுடைய எதையும் நான் சாகவிட்டதில்லை. நேர் இறக்கைப் பெண் ஈக்களைத் தனியே பிரித்தும் பார்க்கிறேன். அவற்றின் முட்டைகள் இன்னும் பொரிவதில்லை.