துளசிங்கம் தண்டலின் எட்டு முடிச்சுக் கயிறு

பழவேற்காட்டுத் துறையில் முப்பத்தோராண்டு படகு செலுத்திய படகோட்டிகளின் தலைவராகிய தண்டலே! கோட்டை வாசலுக்கும் கொந்தளிக்கும் கடலுக்கும் இடையே ஒல்லாந்தர் கப்பல்களுக்குத் துணிப்பொதி சுமந்த துணிவுடையாரே! பொதி நனைந்தபோதும் பொறுமை இழக்காத பெருந்தகையே! தண்டல் துளசிங்கம் அவர்களே! உங்கள் புகழை முகத்துக்கு நேரே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம், தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.

துளசிங்கத்தின் வீரக்கதை கேட்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். அவரிடம் இருந்தது ஒரு முழக் கயிறு. அதில் ஏழு முடிச்சு. கரையை விடுமுன் ஒருமுறை, முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டியதும் ஒருமுறை, ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்ப்பார். பலகைகளைச் சேர்த்த கயிற்றுத் தையல் இறுக்கமா, தண்ணீர் இறைக்கக் கொட்டாங்கச்சி இருக்கிறதா என்று முடிச்சுக்கு ஒரு கேள்வி. ஆறாவது ஆள் கணக்கு, ஏழாவது துடுப்பு. அவர் கயிறு உருட்டி முடிப்பதற்குள் மீன் கருவாடாகிவிடும் என்று மற்றப் படகுக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலையைக் கண்டால் கெட்டிக்காரனுக்கும் பாதி மறந்துபோகும் என்று நினைத்தவர், தம்மைவிடக் கயிற்றையே அதிகம் நம்பினார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசிக் காலையில் கரையில் ஆள் எண்ணியவர் எங்களில் ஒருவரான வரதன். நெல் அளப்பவர்களைப் போல 'லாபம்' என்று மங்கலமாகத் தொடங்கி, பத்தில் முடித்தார். போகும் வழியில் மணல்மேட்டில் படகு தட்டியது. நால்வர் இறங்கித் தள்ளினார்கள். மேட்டைத் தாண்டியதும் துளசிங்கம் தாமே எண்ணினார். பத்து. கணக்கு சரி. கப்பலிலிருந்து கொடியசைத்து அவசரப்படுத்தினார்கள். காற்றும் மாறத் தொடங்கியிருந்தது. ஆள் சரியாக இருக்கும்போது துடுப்பை எதற்குப் பார்ப்பது என்று அவர் மனமும் ஒரு கணம் சொன்னதாம். ஆனால் விரல் பழக்கத்தில் ஏழாவது முடிச்சுக்குப் போய்விட்டது. ஒரு துடுப்பு ஆளில்லாமல் கிடந்தது.

"வரதா, கரையில எப்டி எண்ணுன?" என்று கேட்டார்.

"மொத ஆளுக்கு லாபம்னு ஆரம்பிச்சேன். அப்பால ஒண்ணு, ரெண்டுன்னு..."

துளசிங்கமோ லாபத்தையே ஒன்றாகக் கொண்டு, அடுத்து இரண்டு என்று எண்ணுகிறவர். அப்படியானால் கரையில் ஏறியவர்கள் பதினொரு பேர். திரும்பிப் பார்த்தார். மணல்மேட்டில் ஏறிவரும் நீரில், இடுப்பளவு மூழ்கி நின்று, தள்ள இறங்கியவர்களில் ஒருவரான கருப்பன் கையாட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தியது அலை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. படகைத் திருப்பினால் பக்கவாட்டில் அலை அடித்துக் கவிழக்கூடும். ஆனாலும் துளசிங்கம் திருப்பினார். கருப்பனைப் படகுக்குள் இழுத்துப் போட்டபோது தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்திருந்தது. பொதிகளில் பாதி நனைந்துவிட்டன.

கரை சேர்ந்ததும் எல்லோரும் வரதனை வறுத்தெடுக்கத் தொடங்கினோம்.

"அவன இன்னாத்துக்குத் திட்டுறீங்க? எப்டி எண்ணணும்னு நான் சொல்லித் தரல. தப்பு என்னுது" என்றார் துளசிங்கம். அங்கேயே உட்கார்ந்து கயிற்றில் எட்டாவது முடிச்சைப் போட்டார்.

அன்றிலிருந்து எண்ணுவதோடு பேர் சொல்லியும் கூப்பிடுவது வழக்கமாயிற்று. கடைசிப் பேர் தண்டலுடையது. 'துளசிங்கம்' என்று தம் பேரைத் தாமே கூப்பிடுவார். 'இருக்காரு' என்று நாங்கள் பதில் சொல்வோம். தலைவனையும் கடல் விட்டுவைக்காது என்பதை அவர் ஒளித்ததே இல்லை. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் படகு யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

எங்கள் அன்புத் தண்டலே! நாளை முதல் உங்கள் இடத்தில் வரதன் நிற்பார். கயிறு அவர் கையில் இருக்கும். நீங்களே அவரைத் தேர்ந்தெடுத்ததில் எங்களுக்குப் பெருமை. வெற்றிலை மெல்லப் பல்லும் கடல் பார்க்கக் கண்ணும் குறையாமல், நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வரதன் தம் பேரைக் கூப்பிட்ட பிறகு உங்கள் பேரையும் கூப்பிடுவார். கரையிலிருந்து நீங்கள் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அது காதில் விழாமல் படகு கிளம்பாது.

இங்ஙனம்,
வரதன், கருப்பன், மற்றும் எண்மர்
(லாபத்தையே ஒன்றாகக் கொண்டு எண்ணினால், பத்துப் பேர்)