மண்புழுவுக்கு லீவு

பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க ஸ்கூல் மண்புழுவுக்கெல்லாம் லீவு உட்டாச்சு சார். இப்போ எங்க ஊட்டு பால்கனில பக்கெட்டுல கீது" என்றார் வேளாண்மைப் பாடம் எடுப்பவர்.

"இன்னா சார் சொல்றீங்க?"

"போர்டுல எழுதிப் போடாதீங்க, பசங்களே கையால செய்யட்டும்னு நமக்கு டிரெய்னிங் குடுத்தாங்கல்ல? நானும் நம்பி, பசங்கள வெச்சு உரக்குழி போட்டேன். நாளைக்கு ஆபீசர் வர்றாரு, நாறும்னு ஹெச்.எம். குழிய மூட வெச்சிட்டாரு."

"ஆபீசர் எதுக்கு வர்றாரு?"

"பசங்க கையால செய்றாங்களான்னு பாக்கத்தான்."

"அப்போ இன்னாத்த காட்டுவீங்க?"

"உரக்குழிய போர்டுல அழகா வரைஞ்சு வெச்சிருக்கேன். பசங்கள நகம் வெட்டி, கையக் கழுவிகினு வரச் சொல்லியிருக்காரு ஹெச்.எம்."