ரப்பரில் குறை இல்லை

பேசுவதற்கு முன்னால் அந்த மேசை மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடலாமா? அதன் அடியில் இருக்கிற ரப்பர் கால்களில் ஒன்று இறுகிப்போயிருக்கிறது. அதனால்தான் ஓரிடத்தில் நிற்காமல் கடகடவென்று ஆடுகிறது. தினமும் இதன் எதிரில்தான் உட்காருகிறீர்கள், ஆனாலும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ரப்பருக்கு வயதாவதை யாரும் கவனிப்பதில்லை.

என்னை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். என் மைத்துனன் செத்துப்போன விவகாரத்தில் உங்கள் அதிகாரி ஒருவர் நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்து என் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன். அதை மட்டும் தனியாகச் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வேலை ரப்பரைக் கிழமாக்குவது. ஒரு ரப்பர் வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றினால் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். வளைந்துகொடுத்த ரப்பர் இறுகும், சுருங்கும், நகத்தால் கீறினால் பொடி உதிரும். ஆனால் ஓவன் எதையும் கெடுப்பதில்லை. எப்படியும் நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்னதாக நடத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். புரிந்து ஆட்டுகிற மாதிரித் தெரியவில்லை, பரவாயில்லை.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். எங்கள் கல்யாணத்தோடு அவனும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். படிக்கவைத்தேன். நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் காலியானபோது இயக்குநரின் அறை வாசலில் காத்திருந்து அவனுக்காகப் பேசினேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சொல்லிக்காட்ட வேண்டுமென்றால் அவன் உயிரோடு இருந்தபோதே செய்திருப்பேன்.

அவனுக்கு வாய் நீளம். வந்த புதிதிலேயே எனக்கு அடுப்புக்காரர் என்று பெயர் வைத்துவிட்டான். "எங்க அத்தான் ரப்பரை வேகவைப்பார். வெந்துச்சான்னு கேட்டா மட்டும் அடுத்த வருஷம் சொல்றேம்பார்" என்று இயக்குநர் எதிரிலேயே சொன்னான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வாசல் காவலாளிகூட என் பெயரை மறந்துவிட்டான். ஒருநாள் வீட்டில் என் மனைவி சமையலறையிலிருந்து, "அடுப்புக்காரரே, சாப்பாடு ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டாள். விளையாட்டாகத்தான் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

இப்போது எங்கள் கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்த காரைப் பற்றி. தானாகப் பிரேக் போடுகிற கார்களின் முன் பம்பருக்குள் ஒரு சின்ன ரேடார் இருக்கும். அது அலையை வீசும். எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்புகிற அலையைக் கேட்டுத்தான் ஆள் நிற்கிறானா, சாலை காலியா என்று கண்டுகொள்ளும். சிக்கல் என்னவென்றால், அலையில் கொஞ்சம் பம்பருக்குள் இருக்கும் இரும்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். வீட்டுக்குள் பாத்திரம் உருண்டுகொண்டே இருந்தால் வாசற்கதவைத் தட்டுகிற சத்தம் எப்படிக் கேட்கும்? அதற்காக ரேடாரைச் சுற்றி இரும்புத்தூள் கலந்த ரப்பர் ஷீட் ஒன்றை ஒட்டுவோம். அது பம்பருக்குள் அலைகிற அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். அதில் ரப்பர் என்னுடையது, தூள் கலக்கிற கணக்கு அவனுடையது. கூட்டங்களில் அவன் வாயில் அது ‘என் ஷீட்’ ஆகிவிட்டது.

விழுங்கிய அலை எங்கே போகும் என்று கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கேயும் போகாது, உள்ளேயே சூடாக மாறிவிடும் என்பான். அந்தப் பதிலை நான் பின்வரிசையில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஷீட்டுக்கு வயதானால் ரேடாருக்குக் காது அடைத்துப்போகும் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஷீட் கெட்டுவிட்டது என்று காரே எச்சரிக்க வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள் என்றேன். நியாயமான யோசனைதானே? அவன் இயக்குநர் பக்கம் திரும்பி, "அடுப்புக்காரர் பயமுறுத்துறார் சார்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவன் கேட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"அத்தான், இனிமே ரப்பருக்கு எப்போ வயசாகும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். ஓவனையெல்லாம் எடுத்துட்டு அந்த ரூமை எங்க குரூப்புக்குத் தர்றதா டைரக்டர் சொல்லிட்டார்."

"யார் கேட்டது?" என்றேன்.

"நான்தான் கேட்டேன். நீங்களும் எவ்வளவு காலம்தான் அந்த அனல்ல நிப்பீங்க?"

என் மனைவி அவன் தட்டைப் பார்த்துப் பரிமாறிக்கொண்டே, "உங்களுக்காகத்தானே கேட்டிருக்கான். சந்தோஷப்படுங்களேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதைப் பூசிமெழுக விரும்பவில்லை. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்கிறவன் கையில் அகப்பட்டதை எடுப்பான். நான் நிதானமாகப் பார்த்து எடுத்தேன். ஓவன்களை அப்புறப்படுத்துவதற்கு முன் கடைசியாக வெந்த துண்டுகளில், அந்தக் காருக்கு வெட்டிய அதே அளவில் ஒரு ஷீட் இருந்தது. உள்ளே இருந்த இரும்புத்தூள் துருப்பிடித்து, ரப்பர் சுருங்கி, மட்டைபோல ஆகியிருந்தது. மேலே எண்ணெய் தடவித் துடைத்தேன். புதுசுபோலக் கறுகறுவென்று மின்னியது. என் வேலையில் இதைவிடச் சுத்தமாக முதிர்ந்த துண்டை நான் கண்டதில்லை.

ஊழியர்களின் வீட்டார் வந்து ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கிற நாள் ஒன்று வந்தது. காலையில் ஓட்டப்பாதையில் ஒரு துணிப்பொம்மையை நிறுத்தி அந்தக் காரை ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஆள் கிடையாது, அது தன்னால் ஓடுகிற வண்டி. பொம்மைக்கு முன்னால் வந்து சமர்த்தாக நின்றது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் கார் நிற்கும் கொட்டகைக்குப் போய்ப் பம்பரைக் கழற்றி ஷீட்டை மாற்றினேன். போகிற வழியில் காவலாளி, "என்ன அடுப்புக்காரரே, சாப்பிடலையா?" என்றான். பசியில்லை என்றேன். உண்மையாகவே பசியில்லை.

அவன் பொம்மையோடு நிறுத்திக்கொள்பவன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சேர்ந்தால் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே கையைக் கட்டிக்கொண்டு காருக்கு எதிரில் நிற்பான். விதிப்படி அது கூடாது. "பொம்மைக்கு யார் கைதட்டுவாங்க?" என்று கேட்பான். இயக்குநரும் கண்டுகொள்ள மாட்டார். அவனை அங்கே போய் நில் என்று நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

வண்டியைத் தூரத்திலிருந்து நிறுத்துவதற்குக் கையடக்கமாக ஒரு பொத்தான் உண்டு. அதை அவன் குழுவைச் சேராத ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாரெல்லாம் கூடியதும், அவன் அதை எடுத்து எல்லோர் முன்னாலும் என் கையில் வைத்தான். "அத்தான்கிட்டதான் குடுப்பேன். அவருக்கு எதுலயும் அவசரமே கிடையாது" என்றான். சிரித்தார்கள். வழக்கமான சிரிப்புதான்.

அவன் போய் நின்றான். அதுவரை எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. அப்புறம் அவன் கூட்டத்தைப் பார்த்து, "அக்கா, நீயும் வா. என் ஷீட் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கூப்பிட்டான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே போய் அவன் பக்கத்தில் நின்றாள். இது என் ஏற்பாட்டில் இல்லாதது. இதை என் தலையில் கட்டுவது சரியாகாது. அவன் கூப்பிட்டான், அவள் போனாள்.

அங்கே நின்றுகொண்டு அவள் என்னைத் தேடினாள். கையில் பொத்தானோடு நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் போய்விட்டது. சத்தமாக, "அடுப்புக்காரரே, பாத்துக்கோங்க" என்றாள். மறுபடியும் சிரித்தார்கள். இயக்குநர் கையசைத்தார், கார் புறப்பட்டது.

நேரம் போதவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். தாராளமாக நேரம் இருந்தது. அது ஒரே சீராக வந்தது. வழக்கமாக வேகம் குறைகிற வெள்ளைக்கோட்டைத் தாண்டியபோது குறையவில்லை. அவன் கட்டிய கையைப் பிரிக்காமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். முதலில் புரிந்துகொண்டவள் அவள்தான். அவள் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். சோதனையைப் பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. நடுவில் ஓவன் கதவைத் திறந்து பார்க்கிறவனுக்கு எந்த முடிவும் கிடைக்காது. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷீட் நான் கணித்தபடியே நடந்துகொண்டது.

கடைசி நொடியில் அவன் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அதனால்தான் அவளுக்குக் கால்கள் மட்டும் நசுங்கின. அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வந்ததும் தம்பியைக் கேட்டாள். சொன்னேன். அழுது ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பட்டனை அமுக்கினீங்க, நான் பாத்தேன். உங்க கட்டைவிரல் அதுமேலதான் இருந்துச்சு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. வந்து பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அவள் இதையே சொன்னாள். என்னைப் பற்றி யாராவது ஒரு மாதிரியாகப் பேச்செடுத்தால்கூட, "அவர் என்ன செய்வார், பாவம்" என்று வாயை அடைத்தாள். அந்த அளவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இப்படியே விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

நேற்று உங்கள் அதிகாரி வந்து, பொத்தானின் மேல் இருந்த ரப்பர் மூடி பழசாகி இறுகிப்போனதால்தான் அது அமுங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். யாரைக் கேட்டு இதைச் சொன்னார் என்று தெரியவில்லை. என்னைக் கேட்டிருக்க வேண்டும். அதிலிருந்து என் மனைவி வாய் ஓயாமல் அந்த ரப்பரைச் சபிக்கிறாள். "பாழாப்போன ரப்பர், என் தம்பியைக் கொன்னுடுச்சு, உங்க பேரையும் கெடுத்துடுச்சு" என்று இன்று காலையிலும் அழுதாள். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நேரே இங்கே வந்துவிட்டேன்.

அந்த மூடி என் கலவை. நானே வார்த்து, நானே மாட்டியது. அதற்கு ஒரு வயதும் ஆகவில்லை. அந்தப் பொத்தானை உள்ளே வரவழைத்து உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். கைக்குழந்தை தொட்டாலும் அமுங்கும். என் கட்டைவிரல் அதன்மேல் கடைசிவரை இருந்தது. அந்த ரப்பர் எவ்வளவு மிருது என்பதை நான் உணர்ந்துகொண்டேதான் நின்றேன். நான் அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் வண்டி நின்றிருக்கும்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி அது நல்ல ரப்பர்தான் என்று என் மனைவியிடம் சொல்லச் சொல்லுங்கள். பாவம், அவள் அதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.