பதினோரு லைஃப் ஜாக்கெட்

மத்தியானம் இரண்டு மணி. துறைமுகத்துக்குப் பின்னால் கிடங்குச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. பேய் வருவதற்கு ராத்திரிதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். அந்தச் சாலையில் ஒருவர் தனியாக விறுவிறுவென்று நடந்தார். இதோ உட்கார்ந்திருக்கிறானே மெக்கானிக், இவனுடைய பெரியப்பா. வேண்டுமானால் அவனையே கேளுங்கள். தலையைக் குனிந்துகொள்வான்.

பெரியப்பா கப்பல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டித் தண்ணீரில் போட்டு, நாள் முழுக்க மிதக்கிறதா என்று பார்த்துத்தான் 'சோதிக்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். மகானுபாவர் நாற்காலியை விட்டே எழ மாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே குத்து, குத்து. கேட்டால், "கீழ்த்தட்டு ஜனத்துக்கு இது போதும்பா" என்பார். மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அந்தக் கம்பெனியின் நீராவிக் கப்பல் அதற்கு முந்தின மாதம்தான் பாறையில் மோதியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கரை. மேல்தட்டுக்காரர்கள் படகில் ஏறிவிட்டார்கள். கீழ்த்தட்டு ஜனம் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, நம்பிக் குதித்தது... அப்படியே போய்விட்டது. கரை ஒதுங்கிய பதினோரு உடல்களிலிருந்து கழற்றிய ஜாக்கெட்டுகள் இப்போது கிடங்கில் கிடந்தன. விடிந்தால் விசாரணைக் குழு வருகிறது. முத்திரை கண்ணில் பட்டால் பெரியப்பா கம்பி எண்ண வேண்டியதுதான். முத்திரை குத்திய துணியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று வந்தார். செத்தவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கத்தரிக்கோல் மட்டும் இருந்தது.

உள்ளே உப்பு வாடை. ஊறிய கித்தான், மக்கிப்போன தக்கை... அதோடு யாரோ தலைக்குத் தடவிய எண்ணெய். மூக்கைப் பொத்திக்கொண்டு வெட்டினார். கறுக்... கறுக்... மூன்றாவது ஜாக்கெட். முதுகுக்குப் பின்னால்... சொட்... சொட்...

திரும்பினார். வரிசை. ஆண்கள், பெண்கள், கடைசியில் ஒரு குழந்தை. எல்லோர் தலையிலிருந்தும் தண்ணீர் வடிகிறது. ஒரு முகத்திலும் கோபம் இல்லை. தையல்காரரிடம் அளவு கொடுப்பதுபோல் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

முன்னால் நின்றவள் கேட்டாள். "இது நல்லா மிதக்குமா சார்?"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். இருபது வருஷப் பழக்கம் விடுமா?

"எல்லாம் பார்த்தாச்சு. நல்லாத்தான் இருக்கும், நகருங்க" என்றார். வெளியே கேட்டில் இருந்த காவலாளிக்கே அது கேட்டது.

"அப்போ நீங்க போட்டுக் காட்டுங்க சார்."

அதற்குப் பிறகு தண்ணீர் தளும்பும் சத்தம்... ஒரே ஒரு தடவை.

காலையில் குழு வந்து கதவைத் திறந்தது. பெரியப்பா சோதனைத் தொட்டியில் குப்புறக் கிடந்தார். இடுப்பளவுத் தண்ணீர்தான். உடம்பில் பதினோரு ஜாக்கெட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக. குற்ற உணர்ச்சியில் தானே மாட்டிக்கொண்டு விழுந்துவிட்டார் என்று எழுதிவிட்டு, படித்த பெரிய மனிதர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். குற்ற உணர்ச்சியாம், இவருக்காம்.

கயிறுகளை அறுத்தவன் காவலாளி. அத்தனை முடிச்சும் முதுகுப் பக்கம் இருந்ததாம். பத்து முடிச்சு நல்ல இறுக்கம். பதினோராவது மட்டும் கை எட்டாமல், இடுப்போரமாக... இப்போதுதான் முடிச்சுப் போடப் பழகுகிற பிள்ளை போட்டது.