கிறிஸ்டியின் குரல் இருந்த ஃபோல்டர்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஃபேனுக்கு நேராக உட்காருங்கள். என் மருமகள் கிறிஸ்டியின் கதையைச் சொல்கிறேன். பாதிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நம் இரும்புலியூர் சபையில் பாட்டு வரிகளைத் திரையில் போடுவது நான்தான். நானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. வீட்டில் அழகாகத் தெரிகிற தமிழ், அந்த எழுத்துக்கான ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாகச் சிதறிவிடும். அதனால் ஃபான்ட்டையும் கூடவே கொண்டுபோவேன்.

கிறிஸ்டிக்குத் திக்குவாய். பழகியவர்களிடம் அவ்வளவாகத் திக்காது. பொழிச்சலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். புது ஆட்களுக்கு முன்னால் வாய் வராதே என்று ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தன் குரலைத் தனி ஃபோல்டரில் பதிவு செய்து சேர்த்தாள். வேலை கிடைத்தால் அங்கேயே தனி வீடு பார்க்கலாம் என்றான் என் மகன் ஜெர்சன். நானும் சரி என்றேன்.

"அ... அத்தை, எல்லாம் ஏத்திட்டீங்களா?"

"ஏத்திட்டேம்மா."

பென்டிரைவில் ஸ்லைடை மட்டும்தான் ஏற்றியிருந்தேன். வீட்டிலேயே செருகிப் பார்த்தாள், பேசியது. குரல் இருக்கும் ஃபோல்டர் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே, பேசத்தானே செய்யும்.

துணைக்கு நானும் போனேன். பின் வரிசையில் உட்காரச் சொன்னார்கள்.

திரையில் கோணல் எழுத்துகள். சத்தமே இல்லை.

"இது எந்த நாட்டுத் தமிழ்மா?" என்றார் ஒரு சார். சிரித்தார்கள். "பரவால்ல, நீங்களே வாயால சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. தாடை மட்டும் ஆடியது. திரும்பி என்னைப் பார்த்தாள். என் கைப்பையில், பைபிள் உறைக்குள், ஃபான்ட்டும் குரலும் முழுசாக ஏற்றிய இன்னொரு பென்டிரைவ் இருந்தது. மனசு மாறினால் கொடுக்கலாம் என்று எடுத்துப் போனதுதான். மாறவில்லை. "பேசும்மா" என்பதுபோல் தலையசைத்தேன்.

பேச வராத பிள்ளை வேலைக்குப் போய்த் தினம் தினம் நாலு பேர் முன்னால் அவமானப்படக் கூடாது என்றுதான் செய்தேன்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசுவதில்லை, ஜெர்சனிடம்கூட. தனி வீட்டுப் பேச்சும் நின்றுபோனது. மத்தியானத்தில் அந்த ஃபோல்டரைத் திறந்து கேட்பேன். எவ்வளவு தெளிவான குரல். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் அப்போது சற்று நிற்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சண்டை கிடையாது. உங்கள் வீட்டுக்கும் ஆண்டவர் இப்படியொரு மருமகளைத் தரட்டும், கண்ணுகளா. இதே சமாதானம் உங்கள் வீட்டிலும் தங்கட்டும்.