மருந்து கேட்கவில்லை

பெயர் சேதுபதி, வயது நாற்பத்தொன்று, உட்லண்ட்ஸ் தொழிலாளர் விடுதியில் தங்கி, ஆட்டுப் பால் பண்ணையில் வேலை செய்கிறேன். என் மேலாளர் அர்ஜுன் தெரிந்தே ஆடுகளைச் சாக விட்டார் என்று நான் கொடுத்த புகார் பற்றி இன்று மறுபடி விசாரிக்க, நான் சொல்வதாவது:

மழைக்காலம் முடிந்ததும் ஆடுகள் சோர்ந்து, கண் இமையின் உட்பக்கம் வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கின. ரத்தம் குடிக்கிற குடற்புழு என்று வழக்கமான பூச்சி மருந்தைக் கொடுத்தோம், அதன் பிறகு மறுபடியும் அதையே கொடுத்தோம். வருடக்கணக்காக ஒரே மருந்து, புழுவுக்குப் பழகிவிட்டது என்று மருத்துவர் பிற்பாடு வந்துதான் சொன்னார். கறவைக்கு முதல் ஆளாக வந்து என் சட்டைப் பொத்தானைக் கடிக்கும் சீனி என்கிற வெள்ளாடு, படுத்தது படுத்தபடி கிடந்தது.

அதன் பிறகு நான் அர்ஜுனுக்குப் போன் செய்து, "சார், ஆட்டுக்கு மருந்து கேட்கல" என்றேன். அவர் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். "கேட்கலைன்னா ஓகே லா அண்ணே, விடுங்க" என்று வைத்துவிட்டார். சாகிறது சாகட்டும் என்கிறார் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இனி இவரிடம் பேச்சில்லை என்று வீம்பாக இருந்துவிட்டேன். சீனி செத்தது, அதன் பிறகு அதன் குட்டி, அதன் பிறகு பாதிக் கொட்டகை.

இன்று மொழிபெயர்ப்பாளர் விசாலாட்சி அம்மா, அர்ஜுன் எழுதிக்கொடுத்ததை எனக்குத் தமிழில் சொன்னார். ஆட்டுக்கு மருந்து வேண்டுமென்று கேட்கவில்லை எனச் சேதுபதி சொன்னார், நானும் சரி என்றேன் என்று அதில் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மருந்து கேட்கவில்லை என்றால் நோய் அதற்கு அடங்கவில்லை என்று அர்த்தம். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் இங்கிலீஷ்தான். அது அவருக்கு எப்படித் தெரியும்?

சீனி செத்த அன்று கொட்டகைக்கு வந்து, "ஏன் அண்ணே, ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மேலே உள்ளதை எனக்கு வாசித்தார்கள், முழுதும் கேட்டேன், அத்தனையும் உண்மை. அர்ஜுனுக்கும் இதை அவருக்கு விளங்குகிற மொழியில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) சேதுபதி